மேலறைக்காரியின்ர பாஸ்போட்

எங்கட ஃபாரஸ்ட் கேட் வீட்டு மேலறைக்கு அந்தப் பொம்பிளை குடிவந்தது தொண்ணூற்றாறு மாரியிலை. கரீபியன் கடலிலை மொன்செராற் எண்டு ஒரு சின்னத் தீவாம். எரிமலை வெடிச்சு ஊரை மூடிப்போட்டுதாம். பிரிட்டிஷ் அரசாங்கம்தான் இஞ்சை வர விட்டதாம். எல்லாம் 'ஆம்'தான், ஒண்டையும் நான் கண்ணாலை காணேல்லை. லண்டனுக்கு வந்து சேருற எல்லாரிட்டையும் ஒரு கதை இருக்கும். எங்களிட்டையும் இருந்தது.

பாஸ்போட்டைக் காட்டச் சொன்னன். என்ர மனுசன் பின்னாலை நிண்டு, விடப்பா எண்டு கண்ணைக் காட்டினார். நான் விடேல்லை. மகாராணியின்ர முத்திரை போட்ட பிரிட்டிஷ் பாஸ்போட்டுத்தான், ஆனால் ரெண்டு வருசம் மட்டும் தங்கலாமெண்டு உள்ளுக்குக் குத்தியிருந்தது. பிரிட்டிஷ்காரிக்குப் பிரிட்டனிலை விசா குத்துற அதிசயத்தை அண்டைக்குத்தான் கண்டன். அதோடை அந்தப் பேர். நான் வேலை செய்யிற பாங்கிலை எனக்குப் பக்கத்துக் கவுண்டரிலை இருந்த ஐரிஷ்காரிக்கும் அதே குடும்பப் பேர்தான். அவள் வெள்ளைத்தோல், செம்பட்டை மயிர். இவ நல்ல கறுப்பு.

எனக்கு உடனை விளங்கிட்டுது. இது தலை மாத்தின பாஸ்போட். ஆரோ ஒரு ஐரிஷ்காரியின்ர படத்தைக் கழட்டிப்போட்டுத் தன்ர படத்தை ஒட்டியிருக்கிறா. பாம்பின் கால் பாம்பறியும்தானே. எண்பத்தேழிலை நானும் அப்பிடித்தான் வந்தனான், ஒரு மலேசியாக்காரியின்ர பேரும் என்ர மூஞ்சையுமாய். ஆக்களை வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சிக்காரன் ஒட்டிவிட்ட படத்தின்ர விளிம்பைப் பிளேனிலை வழி முழுக்கப் பெருவிரலாலை தடவிக்கொண்டு வந்தனான். இவவின்ர படத்தையும் தடவிப் பாத்தன். ஒரு மேடு பள்ளம் இல்லை. நல்ல ஏஜென்சியாக்கும் எண்டு நினைச்சன். ஆனால் மனுசன் அதுக்கு முதலே அறைக் கதவுத் திறப்பைக் குடுத்திட்டார்.

நான் பயந்ததிலை ஞாயம் இருந்தது. அந்த நேரம் எங்கட குடியுரிமை விண்ணப்பம் ஹோம் ஒபிசிலை கிடக்குது. யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த அம்மா கொழும்பிலை ஒரு லொட்ஜ் அறையிலை வருத்தம் வந்து படுக்கையிலை கிடக்கிறா. எங்களைப்போல அகதியளுக்குக் குடுக்கிற பயணப் பத்திரத்திலை மற்ற நாடுகளுக்குப் போகலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் ஏலாது. பிரிட்டிஷ் பாஸ்போட் கைக்கு வந்தால்தான் அம்மாவைப் பாக்கலாம். விம்பிள்டன் பிள்ளையாருக்கு நேர்த்தியும் வைச்சிட்டன். இந்த நேரத்திலை கள்ளப் பாஸ்போட்காரி எங்கட கூரைக்குக் கீழ பிடிபட்டால் ஆருக்கு அடி?

மனுசனுக்குச் சொன்னால், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் எண்டிட்டு வேலைக்குப் போயிடுவார். நான் கவனிக்கத் தொடங்கினன். அவ விறாந்தையிலை நிண்டு போன் கதைக்கிறதை ஒட்டுக்கேட்டன். சனம் சேர்ச்சிலையும் பள்ளிக்கூடத்திலையும் படுக்குதெண்டா. வீட்டுக்குப் போற றோட்டை மறிச்சுப்போட்டாங்களெண்டா. மாட்டை அவிட்டு விட்டிட்டு வந்தனான் எண்டா. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிச்சுது. இது எங்கட இடப்பெயர்வுக் கதையெல்லே! ஃபாரஸ்ட் கேட் கடை வழிய தமிழ்ச்சனத்திட்டைக் கேட்டுப் பொறுக்கினாவாக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினியிலை வைச்சு நேரை கேட்டன், இந்தப் பேர் ஆரின்ர எண்டு. உண்மையைச் சொல்லாட்டி அறையை விடவேணும் எண்டும் சொன்னன்.

அவ அடுப்பைக் குறைச்சுப்போட்டு என்னைப் பாத்தா. கோவிக்கேல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பிறகு ஆறுதலாய்ச் சொன்னா. அந்தக் காலத்திலை அவையின்ர தீவிலை ஐரிஷ்காரர் வந்து குடியேறித் தோட்டம் வைச்சவையாம். ஆபிரிக்காவிலையிருந்து அடிமையளாய்க் கொண்டுவந்த சனத்துக்குத் தங்கடை பேரையே போட்டவையாம்.

"பேர் அவையின்ர. முகம் என்ர," எண்டா.

அப்ப ஏன் ரெண்டு வருசம் எண்டு விடாமல் கேட்டன். அவைக்கு வோட்டு இருக்காம், முதலமைச்சரும் இருக்கிறாராம். ஆனால் மேல ஒரு கவர்னரை லண்டனிலையிருந்துதான் அனுப்புவாங்களாம். கொடியிலையும் பிரிட்டிஷ் கொடிதான் மூலையிலை இருக்குதாம். எண்பதுகளிலை வந்த சட்டம் பிரிட்டிஷ்காரரையே ரகம் ரகமாய்ப் பிரிச்சு, தீவுச் சனத்துக்குப் பாஸ்போட்டை மட்டும் குடுத்திட்டு, இஞ்சை வந்து இருக்கிற உரிமையைக் குடுக்கேல்லையாம்.

நான் அப்பவும் நம்பேல்லை. அடுத்த நாள் லைப்ரரிக்குப் போய்ப் பாத்தன். தீவு இருந்தது, ஐரிஷ்காரரும் இருந்தினம், சட்டமும் இருந்தது. எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்லை. நான் தலை மாத்தினதைத் தேடினன். இவையளுக்குத் தலையை விட்டிட்டுப் பேரையெல்லே மாத்தியிருக்கிறாங்கள், அதுவும் ஒரு ஏஜென்சியும் இல்லாமல். அண்டையிலையிருந்து அவவை விட்டிட்டு அரசாங்கத்தைத்தான் சந்தேகமாய்ப் பாக்கிறன்.

தொண்ணூற்றெட்டிலை எங்களுக்குக் குடியுரிமை வந்துது. ஒரு சொலிசிற்றருக்கு முன்னாலை நிண்டு மகாராணிக்கு விசுவாசமாய் இருப்பன் எண்டு சத்தியம் பண்ணினன். பாஸ்போட் வந்த கையோடை கொழும்புக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. மேலறைக்காரிக்குச் சொல்ல வெக்கமாய் இருந்தது. மகாராணியின்ர கொடிக்குக் கீழ பிறந்தவ அவ, வந்தேறி நான்.

அவவின்ர ரெண்டு வருசமும் முடியிற நேரம் அது. விண்ணப்பத்தோடை போற படத்துக்குப் பின்னாலை, அவவைத் தெரிஞ்ச பிரிட்டிஷ் குடியுரிமைக்காரர் ஒராள் கையெழுத்து வைக்கவேணுமாம். பாங்கிலை வேலை செய்யிற ஆளெண்டால் நல்லதாம். படத்தைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சா. நான் என்னை அறியாமலே பெருவிரலாலை அதின்ர விளிம்பைத் தடவிப்போட்டன்.

"முதல் நாளும் இப்பிடித்தான் தடவினீங்கள். வடிவாய்த் தடவிப் பாருங்கோ," எண்டு சொல்லிச் சிரிச்சா.

எனக்குச் சிரிக்க ஏலேல்லை. பேனையை எடுத்தன். ஒரு மலேசியாக்காரியின்ர பேரிலை இந்த நாட்டுக்குள்ள வந்த நான், பிறந்த நாளிலையிருந்து பிரிட்டிஷாய் இருந்தவவின்ர படத்துக்குப் பின்னாலை எழுதிக் குடுத்தன், இது அவதான் எண்டு.