ஒன்பதாம் இலக்க ஜேர்சியும் எங்கள் சங்கத்தின் யாப்பும்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த கல்லூரியின் பழைய மாணவர் சங்க உதைபந்தாட்ட அணி ஏன் தோற்கத் தொடங்கியது என்று ஒஸ்லோவில் யாரைக் கேட்டாலும் ஒரு காரணம் கிடைக்கும். செயற்கைப் புல் என்பார்கள். நடுவருக்குச் சின்ன வயதில் எங்கள் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை, அந்தக் கோபம் என்பார்கள். எல்லாம் பக்கத்து நகரத்துத் திராமன்காரரின் கண்ணூறு என்று சங்கத் தலைவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் பல் வைத்தியர், விஞ்ஞானம் படித்தவர். நான் நகரசபையில் கட்டட அனுமதி விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவன். கூரை சரிந்ததும் காற்றைக் குற்றம் சொல்கிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். எங்கள் கூரையை நாங்கள்தான் சரித்தோம். அதையும் முறைப்படி, கூட்டம் கூட்டி, முன்மொழிந்து, வழிமொழிந்து சரித்தோம்.

தொண்ணூறுகளில் எங்களை வெல்ல ஆள் இல்லை. கோடையில் நடக்கும் தமிழர் சுற்றுப்போட்டியின் கிண்ணம் ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் தலைவர் வீட்டு அலுமாரியிலேயே குடியிருந்தது. போட்டி நாளன்று காலையில் அதை மினுக்கி எடுத்துப் போவார். மாலையில் திரும்பக் கொண்டுவருவார். அதை மைதானம்வரை காவிக்கொண்டு போவதே வீண்வேலை என்று அவருடைய மனைவி சொல்வதுண்டு. அப்போது எல்லோருக்கும் இளவயது. இரவிரவாக உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு, காலையில் வந்து பந்தடித்து வென்றவர்கள் அவர்கள்.

ஆனால் கல்லூரி என்று பெயர் வைத்த அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து பந்தோடு சேர்த்து இன்னொன்றையும் கொண்டுவந்திருந்தோம். எங்கள் கல்லூரியில் ஒரு வகுப்பு மேலே படித்தவரும் அண்ணைதான். அவருக்கு வழி விட வேண்டும், எதிர்த்துக் கதைக்கக் கூடாது. ஒஸ்லோவில் இதை உதைபந்தாட்டத்துக்கும் நீட்டித்தோம். மூத்த பட்ச்காரர்தான் கப்டன். பெனால்டி அவருக்கு. பந்து இளையவரின் காலில் இருந்தாலும், அண்ணை கேட்டால் கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அண்ணையை வெளியே வரச் சொல்ல யாராலும் முடியாது. அவராகக் களைத்து விழுந்தால்தான் உண்டு. அந்த இடத்துக்கும் வெளியே இருப்பவர்களில் மூத்தவர்தான் போவார்.

இளவயதில் இதனால் ஒரு கேடும் வரவில்லை. புது நூற்றாண்டு பிறந்தபோது அண்ணைமாருக்கு வயிறு முன்தள்ளி வண்டி வைத்துவிட்டது. முழங்காலுக்குப் பட்டி கட்டி, கொலஸ்ட்ரோல் குளிசையும் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். நான் கோட்டுக்கு வெளியே நின்று என் காதால் கேட்ட உரையாடல் இது:

“தம்பி, பந்தை இஞ்சை தா!”

“அண்ணை, நீங்கள் ஓஃப்சைட்டிலை நிக்கிறியள்.”

“நான் எந்த பட்ச் எண்டு தெரியுமோ உனக்கு?”

பந்து வந்தது. நடுவர் விசில் ஊதினார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் நடுவரைத் திட்டினார்கள்.

இதற்கிடையில் மற்றச் சங்கங்கள் இங்கே பிறந்த பிள்ளைகளை அணியில் சேர்த்துக்கொண்டன. திராமனை மையமாகக் கொண்ட, வேறொரு கல்லூரியின் அணியில், ஒருவருடைய மாமா எப்போதாவது அந்தக் கல்லூரி வாசலால் சைக்கிளில் போயிருந்தாலே போதும் என்று நாங்கள் நக்கலடிப்போம். நக்கலடித்துக்கொண்டே தோற்றோம். எங்கள் சங்கத்தின் விதிநூலான யாப்பு தெளிவாக இருந்தது: கல்லூரியில் கல்வி கற்றவர்கள் மட்டுமே அணியில் ஆடலாம். எங்கள் பிள்ளைகளோ இங்கே எல்லிங்ஸ்ருட்டிலும் ட்வெய்ட்டாவிலும் படிக்கும் துரதிர்ஷ்டசாலிகள்.

எங்கள் பழைய ஒன்பதாம் இலக்கக்காரர் சுரங்க ரயில் ஓட்டுபவர். ஒரு காலத்தில் அவர் பந்தோடு புறப்பட்டால் மறிக்க ஆள் இல்லை. அணியில் இருந்தவர்களில் அவர்தான் கடைசி பட்ச்; ஆகவே அவர் அடித்த கோல்களில் பாதி, அண்ணைமாருக்குக் கொடுத்த பந்து சுற்றிச் சுற்றித் தற்செயலாக அவரிடமே திரும்பி வந்தவை. அவருக்கு ஒரே மகன். எல்லிங்ஸ்ருட்டில் நோர்வேப் பிள்ளைகளோடு ஆடியவன். தகப்பனின் ஓட்டம் அப்படியே அவனிடம் இருந்தது. ஒரு நாள் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் கோப்பி குடிக்கும்போது தகப்பன் என்னிடம் சொன்னார்:

“அண்ணை, எனக்கு வேறை ஆசை இல்லை. எங்கடை கல்லூரியின்ரை ஒன்பதைப் பெடியன்ரை முதுகிலை பாக்கோணும். அவன் ஒரு கோல் அடிக்கோணும். பேந்து நான் சப்பாத்தைக் கழட்டிப் போடுவன்.”

அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் யாப்பைத் திருத்தச் சொல்லிப் பிரேரணை கொண்டுவந்தார். தலைவர் எழுந்தார்.

“இண்டைக்கு உம்மடை மகன். நாளைக்கு மருமகன். நாளையண்டைக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்து நானும் பழைய மாணவன் எண்டு நிப்பான்.”

“நிக்கட்டுமே. அவன் எண்டாலும் ஓடுவான்தானே!” என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

சிரிப்பு அடங்கியதும் வாக்கெடுப்பு. பிரேரணை தோற்றது. எதிர்த்துக் கையுயர்த்தியவர்களில் பலருக்கு அந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்கவே கஷ்டமாக இருந்ததைக் கவனித்தேன். அவர்கள்தான் அடுத்த கோடைக்கும் பின்வரிசைக் காவலர்கள்.

நான் சங்கத்தின் யாப்பு ஆலோசகர். கூட்டம் முடிந்து சப்பாத்து மாட்டும் இடத்தில், தகப்பனை ஆற்றுவதற்காகச் சொன்னேன்: “யாப்பிலை கல்வி கற்றவர் எண்டுதான் கிடக்கு. எவ்வளவு காலம் எண்டு இல்லை.” பகிடியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

யுத்த நிறுத்தம் வந்து பாதை திறந்திருந்த காலம். ஒஸ்லோவே குடும்பம் குடும்பமாக யாழ்ப்பாணம் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் கோயில் திருவிழாவுக்கும் காணி பார்க்கவும் போனார்கள். இவர் மகனை எங்கள் கல்லூரியில் சேர்க்கப் போனார். இங்கே கோடை விடுமுறை, அங்கே பள்ளித் தவணை நடக்கிறது. அதிபர் இவருடைய வகுப்புத் தோழர். வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டு, மகனை வகுப்பறை வாங்கிலில் இருத்திவிட்டார். தமிழ் எழுத்துகளை விரலால் தடவி வாசிக்கும் பெடியன் தவணை முடியும்வரை படித்தான், அல்லது அங்கே இருந்தான். மாலையில் மைதானத்தில் வெறுங்காலோடு பந்தடித்தான். விடுகைப் பத்திரத்தோடு ஒஸ்லோவுக்குத் திரும்பினான்.

செயற்குழு அவசரமாகக் கூடியது. “இது சுத்தப் பேய்க்காட்டல்,” என்றார் தலைவர். பிறகு, இதை எந்த விதிப்படி மறுக்கலாம் என்று என்னிடம் கேட்டார். எந்த விதிப்படியும் மறுக்க முடியாது என்றேன். பேய்க்காட்டி ஏமாற்றுகிறவர்கள் விதியைப் படித்துவிட்டு வந்தால் அதற்குப் பெயர் விண்ணப்பம் என்பது என் அலுவலக அனுபவம்.

ஆகஸ்ட் இறுதியில் போட்டி. தகப்பன் தன் இடத்தையும் ஒன்பதாம் இலக்கத்தையும் மகனுக்கு விட்டுக்கொடுத்து, கோட்டுக்கு வெளியே வந்து நின்றார். தொடக்கத்தில் கல்லூரிக் கீதம் பாட வேண்டும். இரண்டாவது அடியோடு அண்ணைமாருக்குச் சொற்கள் தீர்ந்துவிட்டன. வாயை மட்டும் அசைத்தார்கள். கடைசிவரை பாடியது பெடியன் மட்டும்தான். போன மாதம்வரை ஒவ்வொரு காலையும் பாடியவன் அல்லவா?

பாடி முடித்ததும் அவனைக் கோட்டுக்கு வெளியே வாங்கிலில் இருத்தினார்கள். சங்க வரலாற்றிலேயே அவனைவிட இளைய பட்ச் கிடையாது. தகப்பன் விட்ட இடத்துக்கு, முறைப்படி, அடுத்த மூத்தவர் இறங்கினார். அவர் அன்று மனைவியோடு சிற்றுண்டிக் கடையில் றோல்ஸ் வாங்க வந்தவர். பெடியனுக்கு இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டி வைக்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. அதுவும் இளைய பட்சின் கடமை.

எதிரணி திராமன். இடைவேளைக்கு முன்பே எங்களுக்கு மூச்சு வாங்கியது. கப்டன் தலைவர்தான். இடைவேளையில் தோடம்பழம் சூப்பிக்கொண்டிருந்த அவரிடம் தகப்பன் போனார்.

“அண்ணை, பெடியனை ஒருக்கா விடுங்கோவன்.”

“விடுறன். ஆர் வெளியிலை வாறது? நீரே ஒராளைச் சொல்லும்.”

தகப்பன் அங்கே நின்றவர்களைப் பார்த்தார். புல்லில் மல்லாந்து கிடந்தவரைப் பார்த்தார். முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். “சொல்லுமன்,” என்றேன்.

“எப்பிடியண்ணை சொல்லுறது?” என்றார் மெதுவாக. “எல்லாரும் அண்ணைமார்.”

மகனைக் கடல் கடந்து கொண்டுபோய் கல்லூரியில் சேர்த்த மனிதர் அவர். மைதானத்தில் ஒருவருடைய பெயரை வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியவில்லை. தலைவருக்கு அது முதலே தெரிந்திருந்தது.

எத்தனை கோலால் தோற்றோம் என்பது எங்கள் ஆண்டறிக்கையில் இல்லை. நானும் எழுதவில்லை. விசில் ஊதியதும் பெடியன் வியர்வை படாத ஜேர்சியைக் கழற்றி, மடித்து, தகப்பன் கையில் கொடுத்தான்.

“டெ கோர் ப்ரா, அப்பா,” என்றான். பரவாயில்லை என்று நோர்வேமொழியில் சொன்னான். பிறகு தமிழில்: “அங்கை ஸ்கூலிலை ஒருத்தரும் எந்த பட்ச் எண்டு கேக்கேல்லை. கோல் அடிப்பியோ எண்டுதான் கேட்டவை.”

அடுத்த வருடம் திராமன் அணி அவனைக் கூப்பிட்டது. வீட்டில் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. போட்டியன்று அவன் அவர்களுடைய மஞ்சள் ஜேர்சியில் இறங்கினான். என்ன இலக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், ஒன்பது என்றிருக்கிறான். தகப்பன் எங்கள் சங்கக் கழுத்துப்பட்டியோடு எங்கள் பக்கத்தில் நின்றார்.

பந்து பெடியனிடம் வந்தது. எங்கள் பின்வரிசையில் மூன்று அண்ணைமார். முதலாமவரைக் கடந்தபோது அவர் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தார். இரண்டாமவர் மூன்றாமவரோடு மோதினார். கோல். எங்கள் பக்கத்தில் ஒருவர் மட்டும் கைதட்டினார். நிறுத்தாமல் தட்டினார். மைதானத்தின் நடுவில் நின்ற தலைவர், ஆட்டத்தை விட்டுவிட்டுக் கைதட்டியவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒழுங்கு விசாரணை வைத்தார்கள். சங்கத்தின் கழுத்துப்பட்டியோடு எதிரணிக்குக் கைதட்டியது குற்றம். கோல் காத்தவர் தனக்கு அவமானம் என்றார். தகப்பன் இம்முறை எழுந்து நின்றார்.

“கோல் அடிச்சவன் எங்கடை கல்லூரியின்ரை பழைய மாணவன். நீங்களே ஏற்றுக்கொண்டது. பழைய மாணவரின்ரை திறமையைப் பாராட்டுறது சங்கத்தின்ரை நோக்கம் எண்டு யாப்பிலை முதலாவதாக் கிடக்கு. நான் மட்டும்தான் அண்டைக்கு யாப்பின்படி நடந்தனான். மற்ற ஆக்கள் ஏன் கைதட்டேல்லை எண்டு விசாரியுங்கோ.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்லும் என்றேன். அவ்வளவு சந்தோஷத்தோடு நான் எந்த விண்ணப்பத்தையும் அனுமதித்ததில்லை.

தலைவர் கெட்டிக்காரர். உடனே விசாரணையைப் பாராட்டுக் கூட்டமாக மாற்றி, எங்கள் பழைய மாணவரின் சாதனைக்கு வாழ்த்துத் தெரிவிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. மூத்தவர் முதல் ஆடும் வழக்கத்தை மாற்றுவது பற்றி யாரும் பேசவில்லை. நிகழ்ச்சிநிரலில் அது இல்லை. அதன்பிறகு நாங்கள் அரையிறுதியைக் கண்டதில்லை. தலைவர் வீட்டு அலுமாரியில் கிண்ணம் இருந்த இடத்தில் பல் வைத்திய மாநாட்டுக் கேடயம் ஒன்று வந்துவிட்டது.

அந்த வருட ஆண்டறிக்கையின் விளையாட்டுப் பகுதியில் ஒரேயொரு கோல் இடம்பெற்றது: எங்களுக்கு எதிராக விழுந்த அந்தக் கோல். அரைப்பக்கப் படமும் போட்டார்கள். பெடியன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறான். மஞ்சளில் ஒன்பது பெரிதாகத் தெரிகிறது. தகப்பன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“நிறம்தான் பிழைச்சுப்போச்சு, அண்ணை,” என்றார்.