ஒரே அம்மாவுக்கு இரண்டு முடிவு

டப்பிங் தியேட்டரில் அவரை ‘அழுகை அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். கதாநாயகிக்குக் குரல் கொடுக்கும் வாய்ப்பு அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்றால் உடனே அவருக்குத்தான் போன் போகும். "கண்ணீரும் வேணுமா, சத்தம் மட்டும் போதுமா?" என்று கேட்டுவிட்டு, டீயைக் குடித்து முடித்து, மைக் முன்னால் போய் நிற்பார். ஒரே டேக்தான். வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். நான் அங்கே ஒலிப்பதிவாளன்.

அவருடைய ஒரே மகனை, வேலை முடிந்து வரும் வழியில் யாரோ குத்திக் கொன்றுவிட்டார்கள். ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது. கேஸைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் அக்கா வேலைக்கு வந்தார், அழுதார், போனார். வீட்டில் அழுவாரா என்று கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

போன வருடம் ஒரு வெளிநாட்டுக் கொலைப்படத்தைத் தமிழில் டப் செய்தோம். அதிலும் மகனை இழந்த ஒரு தாய். கொலைகாரன் கடைசிவரை அகப்படுவதில்லை. அவள் போலீஸ் நிலையத்திலிருந்து வெளியே வந்து, குழாயில் கை கழுவிக்கொண்டு நடந்து போகிறாள். வசனமே கிடையாது, மூச்சு மட்டும்தான். அக்கா அந்த மூச்சைக் கொடுத்து முடித்த பிறகும் நான் பதிவை நிறுத்தாமல் ஓடவிட்டேன்.

இந்த வருடம் அதே கதையை நம்மவர்கள் தமிழிலேயே புதிதாகப் படமாக எடுத்தார்கள். தாய்க்கு மறுபடியும் அக்காதான் குரல். ஆனால் முடிவை மாற்றிவிட்டார்கள். கொலைகாரனை விலங்கோடு இழுத்து வருகிறார்கள், தாய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்குகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கை கழுவும் காட்சியைத் தூக்கிப் போட எப்படித்தான் மனசு வந்ததோ!

"என் புள்ள உன்னை என்னடா பண்ணான்?" என்று அக்கா கத்தினார். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் இருந்த நான் ஆடிப்போனேன்.

"ஓகேக்கா."

"சரியா வரல. இன்னொண்ணு போகலாம்."

அடுத்ததும் நன்றாகத்தான் இருந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான். அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதே தவிர, நிறுத்துகிற வழியைக் காணோம். படத்தின் மேல் இருந்த எரிச்சலையெல்லாம் சேர்த்துக் கொட்டினேன்.

"விடுங்கக்கா. இந்த முடிவே சுத்தப் பொய். இதுக்குப் போய் ஏன் தொண்டையைக் கெடுத்துக்கிறீங்க? முதல் டேக்கே போதும்."

அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. திரையில் கொலைகாரன் விலங்கோடு நின்றிருந்தான். அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய்னு எனக்குத் தெரியாதா தம்பி? முதல் டேக் நல்லா வந்ததும் தெரியும்" என்றார் கம்மிய குரலில். "அவனைப் புடிச்சிட்டு வர்றதை மட்டும் இன்னொரு தடவை போடுங்க."

பதிவை நிறுத்திவிட்டு, அந்தக் காட்சியை மறுபடியும் ஓட்டினேன்.