வயல் பார்த்த வீடு

"விக்க வேண்டாம்னு சொல்லத்தானே வந்திருக்கே?" என்று கொச்சன்னம் சேச்சிதான் பேச்சைத் தொடங்கினாள். வரப்பில் நின்ற ஜெஸ்மி ஆமாம் என்றாள். ஒல்லூரில் சேச்சியின் நெல்வயலை ஒட்டி எழுந்த அடுக்குமாடிக்காரர்கள் சேர்ந்து அவளை அனுப்பியிருந்தார்கள். அதிகம் பேசாத பெண், சண்டை வராது என்ற நம்பிக்கை.

"போன மாசம் சாணி நாறுதுன்னு ஆள் அனுப்பினதும் நீங்கதானே?"

"ஆமா சேச்சி."

"வயல் வேணும், சாணி வேண்டாம். நெல்லு என்ன மோளே, சென்ட் அடிச்சா விளையுமா?"

ஜெஸ்மிக்குச் சிரிப்பு வந்தது. சேச்சி சிரிக்கவில்லை. இந்த வயல் இருப்பதால்தான் தங்கள் கிணறு வற்றுவதில்லை என்று ஜெஸ்மி தயங்கித் தயங்கிச் சொன்னாள். பெருமழையில் வெள்ளம், கார்கள் நிறுத்தும் இடத்துக்கு வராமல் இங்கேயே நின்றுவிடுவதையும் சொன்னாள்.

"தெரியும்," என்றாள் சேச்சி. "அதுக்கு நான் உங்களுக்கு பில்லு போட்டதில்லையே." பிறகு குனிந்து களை பறிக்கத் தொடங்கிவிட்டாள்.

அந்த வருஷம் அவள் விற்கவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. கணவர் லோனப்பன் இறந்த பிறகு ஒண்டியாகத்தான் பயிர் செய்தாள். ஆள் கூலியும் அறுவடை இயந்திரத்தின் வாடகையும் போக நெல்லில் மிஞ்சியது போதாமல், கல்யாண வீடுகளுக்கு அப்பம் சுடப் போனாள். முழங்கால் எப்போதும் வீங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எல்லோரும் மண்டியிடும்போது அவள் மட்டும் உட்கார்ந்தே இருப்பாள். சில நாள் அப்படியே தூங்கியும் போவாள். கிழக்குப் பக்கத்து வயலை மண்ணடித்து மூடிய பின் அந்தத் தெருக்காரர்கள் கிணறு வற்றி மாசியிலேயே லாரித் தண்ணீர் வாங்கினார்கள். அதைச் சொல்லி அவளைப் புகழ்ந்தவர்கள் உண்டு. களை பறிக்க வந்தவர் இல்லை.

அடுத்த மழைக்கு முன், வயலுக்கு விலை பேசியிருந்த தரகர் மறுபடி வந்தார். மூடாத வயலுக்கு மதிப்பே கிடையாது என்று சொல்லி, முன்பு பேசிய விலையையும் குறைத்தார். யோசிக்க ஒரு வாரம் கொடுத்தார். இந்தத் தடவை கொடுத்துவிடலாம் என்றே அவளுக்கும் தோன்றியது.

அதே வாரம் ஜெஸ்மியின் அப்பா அடுக்குமாடியில் இருந்த தங்கள் வீட்டை விற்க விளம்பரம் கொடுத்திருந்தார். 'வயல் பார்த்த வீடு' என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. விளம்பரத்தைப் பார்த்திருந்த சேச்சி, மாவு மில்லில் ஜெஸ்மியைக் கண்டதும் பக்கத்தில் வந்து நின்றாள். வயலை விற்க வேண்டாம் என்று இன்னொரு தடவை கேட்க ஜெஸ்மிக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்கொரு உபகாரம் பண்ணு மோளே," என்றாள் சேச்சி. "வீடு பார்க்க வர்றவங்கள்ல ஒருத்தருக்கு மட்டும் வயல் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வெச்சுக் காட்டு. அவரு என்ன விலைக்குக் கேக்கறாரு, மத்தவங்க என்ன விலைக்குக் கேக்கறாங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லு."