மூன்றாவது வகைத் திருடன்

மதியத்தில் பூட்டுக்காரருக்குக் கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான். அதனால், படமே இல்லாமல் எழுத்திலேயே நடக்கும் ஓர் இணைய விளையாட்டில் திருடனாகத் திரிந்துகொண்டிருந்தார். பத்தாம் நிலையில் திரை கேட்டது: ஜேப்படிக்காரனா, பூட்டுத் திறப்பவனா, நம்பவைப்பவனா? ஒருமுறை தேர்ந்தால் மாற்ற முடியாது.

இருபத்திரண்டு வருஷத் தொழிலாயிற்றே, யோசிக்காமல் பூட்டைத் தேர்ந்தார். கூட்டாளி வவ்வாலுக்கும் எழுதினார்: "வாயால திருடுறவனெல்லாம் ஒரு திருடனா?"

வவ்வால் ஆறு மாதமாகக் கூடவே ஆடுகிறவன், முகம் தெரியாதவன். "அதானே! அண்ணே, நிஜத்துல யாராலயும் திறக்க முடியாத பூட்டு இருக்கா?" என்று கேட்டான்.

பூட்டுக்காரருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தன் வீட்டு வாசலுக்குத் தானே செய்த பூட்டைப் பற்றி, சாவித்துளையை மூடும் பித்தளை மீன் முதற்கொண்டு எழுதித் தள்ளினார். எந்தத் தெரு என்பதும் அந்தப் பெருமையில் வந்து விழுந்தது. "உள்ளேர்ந்து திருகிட்டா ஏழு தடவை 'கடக்'னு விழும். அப்புறம் நானே வந்தாலும் வெளியிலதான் நிக்கணும், தம்பி."

"நீ எந்த வகை?" என்று கடைசியில்தான் கேட்டார்.

"நீங்க கேலி பண்ணீங்களே, அந்த மூணாவது."

அதோடு வவ்வாலைக் காணவில்லை. மூன்றாம் நாள் மதியம் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, உங்க சிநேகிதர் வந்திருக்கார். பித்தளை மீனைப் பத்தியெல்லாம் சொன்னார். அதான் உள்ள உட்கார வெச்சிருக்கேன். இருங்க, கதவை அவரே சாத்துறார்."

போனில் 'கடக்' என்று கேட்டது. பூட்டுக்காரர் எண்ணினார். ஏழு.