அப்பாவுக்குப் பக்கத்து இடம்

ஸ்பானிஷ் படிக்க மெக்சிகோ போயிருந்த மாதங்களில், அப்பாவிடமிருந்து எனக்குத் தினமும் வாட்ஸ்அப் செய்தி வந்துகொண்டிருந்தது. அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவருடைய போனை அம்மா வைத்திருந்தாள். தன்னுடைய போனை பீரோவுக்குள் போட்டுவிட்டு இதற்குத்தான் சார்ஜ் போடுவாள், ரீசார்ஜ் செய்வாள். கேட்டால், “நம்பர் போயிரும்டி” என்பாள். வகுப்பில் நான் வினைச்சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, மீசையோடு சிரிக்கும் அப்பாவின் சின்ன வட்டப்படம் திரையில் எட்டிப் பார்த்து “சாப்டியா” என்று கேட்கும். அனுப்பியது அம்மா என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் அப்பாதான் என்று நினைத்துவிடுவேன்.

மதுரையில், எங்கள் வண்டியூர் வீட்டுச் சுவரில் அப்பா படம் கிடையாது. பதினாறாம் நாளுக்குள் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போட்டு, சின்ன சிவப்பு பல்பு எரியவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். காளவாசலில் ஒரு கடையில் கொடுத்து நான் வாங்கிவந்த படத்தை அம்மா துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். “மாலையப் போட்டா அம்புட்டுத்தான். அப்பறம் அவரு வரமாட்டாரு” என்றாள். சொந்தக்காரர்கள் என்னிடம்தான் சாடை பேசினார்கள், அவளிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை. சாவன்றுகூட அவள் அழவில்லை. அப்படிப்பட்டவளைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு உதறலாகத்தான் இருந்தது. ஆபீசில் போகச் சொன்னார்கள், அவளும் பிடிவாதமாக அனுப்பிவைத்தாள்.

அங்கே பாதி நாள் இலக்கணம். மீதி நாள், பண்பாட்டைக் காட்டுகிறோம் என்று எங்களை மேய்த்தார்கள். சந்தைக்குக் கூட்டிப்போய் மிளகாயைப் பற்றி வகுப்பெடுத்தார்கள். மதுரைக்காரிக்கு மிளகாய்ப் பாடம்! அம்மி மாதிரி ஒரு கல்லில் கொக்கோ அரைக்கச் சொன்னார்கள், அதில் மட்டும் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன். பஸ்ஸில் ஏற்றி இடிந்த கோயில்களுக்குக் கொண்டுபோனார்கள். ஆடவும் கற்றுக்கொடுத்தார்கள், அந்தக் கண்ணராவியை விட்டுவிடலாம்.

அக்டோபர் கடைசியில், இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோவதாக அவர்கள் நம்பும் பண்டிகை வந்தது. பள்ளியில் நம் கொலு போலப் படி படியாக ஒரு பீடம் கட்டினார்கள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இறந்தவரின் படத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். பீடத்தை மூடிக் கூடை கூடையாகச் செண்டுமல்லியைக் கொட்டியிருந்தார்கள். அப்பாவைத் தூக்கிப்போனபோது வீட்டில் அடித்த வாசனை அதுதான். அந்த அறைக்குள் வாயால்தான் மூச்சுவிட்டேன்.

“அப்பா போட்டோ ஒண்ணு அனுப்பும்மா” என்று செய்தி போட்டேன். மேலே ‘டைப்பிங்’ என்று வெகுநேரம் காட்டிக்கொண்டே இருந்தது. அப்பா தன் படத்தைத் தானே தேடிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு நினைப்பு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

வந்தது தெப்பக்குளத்தில் எடுத்த படம். பின்னால் தண்ணீர், நடுவில் மண்டபம். அப்பா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார், அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நான் அப்பாவை மட்டும்தான் பார்த்தேன் போலிருக்கிறது. பிரிண்ட் எடுத்து நேராகக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

ஆசிரியை பக்கத்தில் வந்து, படத்தில் இருந்த பெண்ணைக் காட்டி, “இவர் யார்?” என்று கேட்டார்.

“அம்மா.”

“அவரும் இறந்துவிட்டாரா?”

“இல்லை” என்றதும் அவர் படத்தை வெடுக்கென்று எடுத்த வேகத்தில் ஒரு மெழுகுவர்த்தி சாய்ந்தது. உயிரோடு இருப்பவர்களை இங்கே வைக்கக் கூடாது, போகிறவர்கள் கையோடு கூட்டிப்போய்விடுவார்கள் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உயிருள்ளவர் படத்துக்கு மாலை போட்டால் எங்கள் வீட்டிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

நீ இல்லாத படமாக அனுப்பு என்று அம்மாவிடம் காரணத்தோடு சொன்னேன். உடனே பதில் வந்தது. “தெரிஞ்சுதான் அனுப்புனேன். இருக்கட்டும். கூப்புட்டா போறேன்.”

அதற்கு மேலே, வட்டப்படத்தில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததில்லை. பயம் வந்த வேகத்தில் கோபமும் வந்தது. கத்தரிக்கோல் கேட்டு வாங்கி அம்மாவை வெட்டி எடுத்தேன். அவள் விரல்கள் மட்டும் அப்பாவின் மணிக்கட்டிலேயே நின்றன. அவற்றையும் எடுக்க அப்பாவின் கையையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது.

பண்டிகையன்று காலை அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். மதுரையில் அப்போது விளக்கு வைத்து முடித்திருப்பாள். பீடத்தைக் காட்டினேன். அவள் முகத்தைத் திரைக்கு வெகு பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள்.

“நான் எங்கடி?”

“வெட்டிட்டேன்.”

“யாரக் கேட்டு வெட்டுன?”

“உன்னயும் அங்க வச்சுட்டு நான் எங்கம்மா போவேன்? அப்பா செத்துட்டாரும்மா. நீயும் போயிருவியோன்னு பயந்தே செத்துக்கிட்டிருக்கேன், எனக்கு அவர நெனச்சு அழக்கூட நேரமில்ல.” நான் கத்திய கத்தலில் பூக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் செத்துவிட்டார் என்று அதுவரை நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தனியா நிக்கிறாரே” என்றாள். அப்புறம் அழுதாள். அத்தனை மாதமாக வராத அழுகை, வாய்விட்டு, ஊருக்கே கேட்கிறாற்போல. தொடக்கூட முடியாத தூரத்தில், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “நீ எப்ப வார?”

“தை பொறந்ததும் வாரேம்மா.”

“வந்துரு. மாசியில அவருக்கு வருசத் திதி வருது. நாம ரெண்டு பேரும் இருந்து குடுக்கணும்.”