காற்றை அளக்க வந்த நாளில் கோத்தோங் ரோயோங்

சுங்கை பினாங்கில் எங்கள் பிளாட்டுக்கு எதிரே உள்ள காலி நிலத்தில் மூன்று கோபுரக் குடியிருப்புகள் வரப்போவதாகப் பலகை நட்டார்கள். அதற்கு முன் இங்குள்ள காற்றில் எவ்வளவு தூசி என்று அளக்க வேண்டுமாம். கட்டுமானம் கிளப்பப்போகும் தூசியை அதோடு கூட்டிப் பார்ப்பார்கள். மொத்தம் வரம்புக்குள் நின்றால் வேலை தொடங்கிவிடும். தாண்டினால் லாரிகளுக்குக் கட்டுப்பாடு வரும். என் மகளுக்கு மூன்று வயது. இளைப்பு. இப்போதே நெபுலைசர் முகமூடியோடு தூங்கிப்போகும் நாட்கள் உண்டு. அந்த அளவு சரியாக வர வேண்டும் என்பதே என் கவலையெல்லாம்.

கருவி வந்த காலையில் கீழே இறங்கினால் கோத்தோங் ரோயோங், எல்லோரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை, நடந்துகொண்டிருந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவி அக்கா விளக்குமாறும் கையுமாக எல்லோரையும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார். சாலை முழுக்கத் தண்ணீர் அடித்திருந்தார்கள். மோட்டார் பட்டறை மூடியிருந்தது. கரி அடுப்பில் இறைச்சி சுட்டு விற்கும் சாத்தே கடைக்காரர்கூட அன்று அடுப்பு மூட்டவில்லை.

"அக்கா, தண்ணி அடிச்சா தூசி அடங்கிடும். அவங்க அளக்க வந்ததே தூசியத்தான்."

"அதுக்குத்தான் அடிக்கிறேன்லா. ஆபிசர் வர்ற நாள்ல நம்ம எடம் பாசார் சந்தை மாதிரி குப்பையா கிடக்கணுமா?"

"சுத்தமா காட்டினா கட்டறவங்களுக்குத்தான் வசதிக்கா. அவங்க தூசிக்கு நாமே எடம் ஒதுக்கிக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

"படிச்சுப் படிச்சு உனக்குத் தலை சூடாயிருச்சு. இந்தா, தே தாரிக் குடி," என்று டீ கிளாஸை நீட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஒருவேளை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ?

காவலர் கூண்டுக்குப் பக்கத்தில் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா நான் இருக்கிறத அளக்கிறவன். இது வழக்கமான நாள் இல்லன்னு குடியிருக்கிறவங்க யாராச்சும் எழுதிக் கையெழுத்துப் போட்டா, திரும்ப அளக்கச் சொல்வாங்க."

அன்று முழுக்க எழுதவில்லை. முன்பொரு முறை மகளுக்கு மூச்சு முட்டியபோது, தன் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அந்த அக்காதான். அவர் ஆசையாகச் செய்ததை எதிர்த்து எப்படி எழுதுவது? மறுநாள் கருவியைக் கழற்ற வந்தபோது மகள் இருமிக்கொண்டே என் இடுப்பில் இருந்தாள். எழுதிக் கொடுத்தேன்.

அதன்பின் அக்கா என்னோடு பேசவில்லை. லிப்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கருவி மறுபடி வந்தது. இம்முறை யாரும் கூட்டவில்லை. பட்டறை திறந்திருந்தது, சாத்தே புகை வழக்கம்போல் எழுந்தது. புகையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன். மதியத்துக்குள் வானம் இருண்டு, சாயங்காலம்வரை விடாத மழை. சாலை அக்கா கழுவியதைவிடச் சுத்தமாகிவிட்டது. அழுகையே வந்தது.

மறுநாள் கருவிக்காரர் கழற்ற வந்ததும் நான் மகளைத் தூக்கிக்கொண்டு பேனாவோடு இறங்கினேன். படிக்கட்டில் அக்கா நின்றிருந்தார்.

"மழையையும் நான்தான் கூப்பிட்டேன்னு எழுதப் போறியா?"

"இல்லக்கா. மழை பெஞ்சதுன்னு மட்டும்."

"மூணாவது தடவை அனுப்புவாங்களான்னு தெரியலம்மா," என்றார் கருவிக்காரர். "ரெண்டுக்கே ஆபிஸ்ல முனகறாங்க."

அனுப்புவார்களா என்று தெரியாமலேயே, மழை பெய்தது என்று எழுதினேன். தூறலில் மை பரவியது. அக்கா என் கையிலிருந்த மகளை வாங்கிக்கொண்டார். நான் அந்த வரியை இன்னொரு முறை, அழுத்தி எழுதினேன்.