பிய்யாத கோலம்

மனைவி இறந்து மூன்று நாளாகிறது. சாவு விழுந்த வீட்டு வாசலில் கோலம் கூடாது. நெமிலிச்சேரி அடுக்குமாடியில் அவள் ஒட்டிய ஸ்டிக்கர் கோலத்தைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். பதினைந்து தாமரைகளில் ஒன்றுகூடப் பிய்யவில்லை.

ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா இறந்தபோது, வரிசையில் ஏழு வாசல்கள் அரிசிமாவும் காவியுமாக இருந்தன. எட்டாவதான எங்கள் வாசல் வெறும் மண்ணாகக் கிடந்தது. அதைப் பார்த்ததுமே பால்காரர் மணியடிக்காமல் சைக்கிளை விட்டு இறங்கினார். "யாரும்மா?" என்று அம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

மாடிப்படியில் சிலிண்டரோடு ஏறி வந்தவர் நின்றார்.

"இன்னா நைனா, சோக்கா கீற கோலத்தப் போய் சுரண்டிகினு கீறே? வூட்டம்மா பாத்தா திட்டப் போவுது!"

"திட்டமாட்டாள்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே மேலே போனார். பதினைந்தும் அப்படியே பூத்திருக்கின்றன.